ஒரு கை பார்த்தால் போதாது!

பக்கவாதம் என்று சொன்னதும் உங்கள் கண்முன் யார் வருகிறார்கள்? திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் ஒரு தாத்தா. வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை மடங்கிப்போய், பேசுவது வீட்டுக்காரர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு தாத்தா. சரிதானே? இருபத்திரண்டு வயதுப் பெண் யாரும் வந்திருக்க மாட்டார்.

ஆனால் கணக்குப்படி வரவேண்டும். உலகத்தில் வரும் பக்கவாதங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை 18 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு வருகிறது. அதாவது படிக்கிற, சம்பாதிக்கிற, பிள்ளை பெற்று வளர்க்கிற வயது. நம்ம வயது!

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் வேண்டுமானால் தருகிறேன், மருந்துச் சீட்டு கேட்காதீர்கள் :-) உடம்புக்கு ஏதாவது என்றால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இந்த விஷயத்தில் டாக்டரிடம் போவதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஒன்று நடப்பதில்லை. அதைச் சொல்ல எம்.பி.பி.எஸ். தேவையில்லை.

சின்ன வயதில் ஏன் வருகிறது?

இளைஞர்களுக்குப் பக்கவாதம் வரப் பல காரணங்கள். ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன இதய வால்வு, கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிவது, ரத்தம் சீக்கிரம் உறைகிற தன்மை, பிரசவத்தை ஒட்டி மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவது, அப்புறம் சிகரெட், குடி, கவனிக்காமல் விட்ட பிபி, சுகர். இந்தப் பட்டியலின் கடைசியில், "அபூர்வம்" என்ற தலைப்பின் கீழ் ஒரு காரணம் இருக்கும். ரத்தக்குழாயின் சுவரே அழற்சி கண்டு வீங்குவது. அதில் பெரிய ரத்தக்குழாய்களைப் பிடிக்கும் ஒரு வகைக்கு டகயாசு நோய் என்று பெயர்.

1908-ல் ஜப்பானில் நடந்த கண் மருத்துவர்கள் மாநாடு ஒன்றில், கனசாவாவைச் சேர்ந்த மிகிதோ டகயாசு என்ற கண் மருத்துவப் பேராசிரியர் 21 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிப் பேசினார். அந்தப் பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு மாலை போட்டதுபோல வளையமாக நின்றன. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓனிஷி, ககோஷிமா என்ற இரண்டு டாக்டர்கள், தாங்களும் இப்படிப்பட்ட கண்களைப் பார்த்திருப்பதாகவும், அந்த நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். கண்ணில் கோளாறு, கையில் நாடி இல்லை! இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் ரத்தம் போகிற பெரிய குழாய்கள் நெஞ்சுக்குள் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அடைப்பு அங்கே இருந்தது. 1951-ல் ஷிமிசு, சானோ என்ற இரண்டு ஜப்பானிய டாக்டர்கள் இதற்கு "நாடியில்லா நோய்" என்று பெயர் வைத்தே எழுதினார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஏலத்தோட்டத்தில் கோடையில் ஓஸ் பிடித்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓஸில் தண்ணீர் குறைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். உள்ளே கசடு படிந்திருக்கலாம். வயதானவர்களுக்குக் கொழுப்பு படிந்து வரும் அடைப்பு அந்த மாதிரி. அல்லது ஓஸின் ரப்பரே உப்பித் தடித்து உள்வழியைக் குறுக்கியிருக்கலாம். டகயாசு இந்த இரண்டாவது வகை. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, என்ன காரணத்தாலோ, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் சுவரையும் அதன் கிளைகளின் சுவரையும் தாக்குகிறது. சுவர் வீங்குகிறது, தடிக்கிறது, கடைசியில் வழி சுருங்கிவிடுகிறது. இது தொற்றுநோய் இல்லை. யாரிடமிருந்தும் யாருக்கும் ஒட்டாது.

இதிலிருந்து பக்கவாதம் வர நாலு வழி உண்டு. ஒன்று, மூளைக்குப் போகும் கழுத்துக் குழாய் சுருங்கி ரத்தம் பத்தாமல் போவது. இரண்டு, சுருங்கின இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மேலே போய் அடைப்பது. மூன்று, சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் சுருங்கினால் பிபி எகிறும். எகிறின பிபியில் மூளையில் ரத்தக்கசிவு வரலாம். நாலு, இதே நோயால் இதயம் கெட்டு, அங்கிருந்து கட்டி கிளம்புவது.

அபூர்வம் என்றால் எவ்வளவு அபூர்வம்? பல நாடுகளில் பத்து லட்சம் பேருக்கு வருஷத்தில் ஒருவர் இருவருக்குப் புதிதாக வருகிறது. பெரும்பாலும் 40 வயதுக்குள். பெண்களுக்கே அதிகம். ஜப்பானில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்கிற அளவுக்கு. இந்தியாவில் ஆண்களின் பங்கு அதைவிடக் கூடுதல். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஜப்பானில் கழுத்துக்கும் கைக்கும் போகும் கிளைகளை அதிகம் பிடிக்கிற இந்த நோய், இந்தியாவில் வயிற்றுப் பக்கம் இறங்கும் மகாதமனியையும் சிறுநீரகக் குழாய்களையும் அதிகம் பிடிக்கிறது. அதனால் நம்ம நாட்டில் பல பேருக்கு முதல் அடையாளம் சின்ன வயதிலேயே வரும் உயர் ரத்த அழுத்தம்தான்.

இது ஏதோ வெளிநாட்டு நோய் என்று நினைக்காதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் டாக்டர்கள் 88 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 1989-ல் "சர்குலேஷன்" என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்த நோய் எந்த அளவுக்குத் தீவிரமாக இருக்கிறது என்று மார்க் போட்டு அளக்க இன்று பல நாடுகளில் பயன்படுத்தும் ஐடாஸ் 2010 என்ற முறை இந்திய டாக்டர்கள் முன்னின்று உருவாக்கியது. அதில் நம்ம வேலூர் சி.எம்.சி. டாக்டர்களுக்குப் பெரிய பங்கு. ஆக, நோயைப் பற்றிய அறிவு நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. நோயாளி அதுவரைக்கும் போய்ச் சேருகிறாரா என்பதுதான் கேள்வி.

ஏலமலையும் கைவலியும்

போடியில் விடியற்காலை ஜீப் சத்தம் கேட்டே எழுந்து பழகினவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஜீப்புகள் போகும். அதில் பெரும்பாலும் பெண்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரோடு தரையை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க வேண்டும். மலைக்குப் போகாதவர்கள் ஊருக்குள் ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிக்க உட்காருவார்கள். அதுவும் கைவேலைதான்.

இப்போது டகயாசு நோயின் ஆரம்ப அடையாளங்களைப் படியுங்கள். அசதி. லேசான காய்ச்சல். எடை குறைவது. மூட்டுவலி. கொஞ்சம் வேலை செய்தாலே ஒரு கை கடுத்துப்போவது. எழுந்து நின்றால் தலைசுற்றல், கண் இருட்டுவது. கழுத்துப் பக்கத்தில் தொட்டால் வலி.

தோட்ட வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் இல்லை? "வேலை செஞ்சா வலிக்கத்தான் செய்யும்" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அசதிக்கு ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை. கைவலிக்குத் தைலம். தலைசுற்றலுக்கு "சாப்பிடாம போயிருப்ப". நோய் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? போடிக்கு இதில் தனியாக ஒரு கவலை இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். ஏலமலையில் இந்த நோய் அதிகம் என்று சொல்ல வரவில்லை. இங்கே வந்தால் கண்ணில் படாது என்கிறேன்.

வேலை செய்த அலுப்புக்கும் இந்த வலிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அலுப்பு வேலை முடிந்த பிறகும் இருக்கும், ராத்திரி படுத்தால் தெரியும். ரத்தம் பத்தாத வலி அப்படியில்லை. கையை வேலை வாங்கும்போது வரும், நிறுத்தினால் சில நிமிஷத்தில் போய்விடும், திரும்ப ஆரம்பித்தால் அதே அளவு வேலையில் திரும்ப வரும். பெரும்பாலும் ஒரு கை மட்டும். அந்தக் கை இன்னொரு கையைவிடச் சில்லென்று இருக்கலாம்.

எங்கள் தெருவில் ஏலக்காய் பிரிக்கப் போகும் அக்கா ஒருவருக்கு இப்படித்தான் இடது கை கடுத்துக்கொண்டே இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் பிபி பார்த்தார்கள். இடது கையில் மிஷின் இரண்டு தடவை எரர் காட்டியது. "மிஷின் சரியில்ல, அந்தக் கைய நீட்டும்மா" என்று வலது கையில் பார்த்து ஒரு நம்பரை எழுதி அனுப்பிவிட்டார்கள். மிஷின் சரியாகத்தான் இருந்தது. அளக்க அந்தக் கையில் துடிப்பு இல்லை. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அக்காவுக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சு போனது. அப்போது அவருக்கு வயது 27. மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்த பிறகுதான் நோய்க்குப் பெயர் தெரிந்தது. பேச்சு பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. இப்போதும் கடைக்குப் போகிறார். முன்பு பிரித்ததில் பாதிதான் பிரிக்க முடிகிறது.

ஒரு கை பார்ப்பது

நம்ம நாடி வைத்தியத்தில் ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை பிடித்துப் பார்ப்பது வழக்கம். டகயாசு நோயில் அதிகமாக அடைபடுவது இடது கைக்குப் போகிற குழாய். அதிகமாகப் பாதிக்கப்படுவது பெண்கள். யோசித்துப் பாருங்கள், பழைய நாடி வைத்தியர் ஒருவர் அந்த அக்காவின் கையைப் பிடித்திருந்தால் மருந்து தெரிந்திருக்காது, ஆனால் "இங்க துடிப்பே இல்லையே" என்றாவது சொல்லியிருப்பார். மிஷின் வந்த பிறகு நாம் விரல் வைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

ஒரு கையை மட்டும் பார்ப்பதில் வெறும் அலட்சியம் இல்லை, ஆபத்தும் இருக்கிறது. கைக்குப் போகும் குழாய் சுருங்கியிருந்தால் அந்தக் கையில் பிபி குறைவாகத்தான் காட்டும். ஒரு உதாரணத்துக்கு, இடது கையில் 100 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "நார்மல், லோ பிபியா இருக்கும், ஜூஸ் குடி" என்று அனுப்பிவிடுவார்கள். வலது கையில் பார்த்தால் 170 இருக்கும். மூளையையும் இதயத்தையும் இடித்துக்கொண்டிருப்பது அந்த 170. இரண்டு கைக் குழாயும் சுருங்கியிருந்தால் காலில்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். டெபிட் பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு "கணக்கு சரி" என்று எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? இரண்டு பக்கத்தையும் கூட்டினால்தானே டேலி ஆகிறதா என்று தெரியும்? உடம்புக்கு மட்டும் ஏன் ஒரு பக்கக் கணக்கு?

நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. முதல் தடவை பிபி பார்க்கும்போது இரண்டு கையிலும் பார்க்க வேண்டும், அதில் எது அதிகமோ அந்தக் கையில்தான் இனிமேல் பார்க்க வேண்டும் என்பது உலக அளவில் ரத்த அழுத்த வழிகாட்டுதல்களில் ஏற்கனவே இருக்கிற விதி. எழுதிவைத்ததைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"பத்து லட்சத்தில் ஒருத்தருக்கு வர்ற நோய்க்காக எல்லாருக்கும் ரெண்டு தடவை பார்க்கணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செலவுக் கணக்கையே போடுவோம். மிஷின் ஏற்கனவே இருக்கிறது. பார்க்கிற ஆள் ஏற்கனவே நிற்கிறார். கூடுதலாக ஆவது ஒன்று இரண்டு நிமிஷம், அதுவும் ஒருவருக்கு முதல் தடவை மட்டும். கிடைப்பது டகயாசு மட்டும் இல்லை. பிறவியிலேயே மகாதமனி சுருங்கியவர்கள், கொழுப்பு அடைத்துக் கைக்குழாய் சுருங்கிய பெரியவர்கள், தவறான கையில் அளந்ததால் "நார்மல்" என்று தப்பிப்போன சாதாரண பிபிக்காரர்கள் எல்லோரும் அதே இரண்டு நிமிஷத்தில் அகப்படுவார்கள்.

இன்னொரு கேள்வி, "வித்தியாசம் வந்தா எல்லாரும் பயந்துர மாட்டாங்களா?" இரண்டு கைக்கும் 10 வரை வித்தியாசம் இருப்பது சகஜம். பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து திரும்ப அளந்தால் பல பேருக்கு அது குறைந்துவிடும். திரும்பத் திரும்ப அளந்தும் 20, அதற்கு மேல் என்று நின்றால் டாக்டர் கவனிக்க வேண்டிய விஷயம். 2022-ல் அமெரிக்க, ஐரோப்பிய ருமட்டாலஜி சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட டகயாசு வரையறையிலும் இந்த 20 என்ற கணக்கு ஒரு அம்சமாக இருக்கிறது.

முப்பதில் தொடங்கும் திட்டங்கள்

என் பெரிய ஆதங்கம் இதுதான். தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டத்தில் எல்லோருக்கும் பிபி, சுகர் பார்ப்பது 30 வயதில் தொடங்குகிறது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் தொழிலாளிக்கு வருஷம் ஒருமுறை இலவசப் பரிசோதனை என்று சொன்னதும் 40 வயதுக்கு மேல். பெரும்பான்மை மக்களுக்கு வரும் நோய்களை வைத்துப் போட்ட கணக்கு அது, அதில் தப்பில்லை. ஆனால் 20 வயதுத் தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் கையில் யார் பிபி பட்டையைச் சுற்றுவார்கள்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அவர்கள் வருகிற பகல் நேரத்தில் அந்தப் பெண் மலையில் இருப்பார்.

நமக்கு அப்படி இல்லை. காலேஜில் என்.எஸ்.எஸ். ரத்ததான முகாம் நடக்கிறது. 18 வயது ஆன எல்லோரும் வரிசையில் நிற்கிறோம். ஒரு கையில் பிபி பார்க்கிறார்கள். அங்கேயே இன்னொரு கையையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு தடவையும் பிபி பார்க்கிறார்கள், முதல் தடவை இரண்டு கையும் பார்க்கலாம். தோட்டத்தில் சீசன் தொடங்கும்போது ஒரு நாள், ஜீப் கிளம்புகிற இடத்திலேயே விடியற்காலை ஒரு முகாம் போடலாம். ஆள் தேடி அலைய வேண்டாம், அவர்களே அங்கே நிற்கிறார்கள்!

பதினேழு வளைவு

கண்டுபிடிப்பதற்குள் பக்கவாதமே வந்துவிட்டால்? ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும் என்றால் முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது என்பதை ஸ்கேன் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்கவே முக்கால் மணி, ஒரு மணி நேரம். அதற்கு அப்புறம் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அல்லது இன்னும் தள்ளி மதுரை. நாலரை மணி நேரம் கையில் நிறைய இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அதில் பாதி ரோட்டிலேயே போய்விடும். மழையில் மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம்.

மீதிப் பாதியை நாம் வீணாக்குகிறோம். சின்ன வயதுப் பெண் திடீரென்று பேச்சில்லாமல் விழுந்தால் பக்கவாதம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். பக்கவாதம் என்று தெரிந்தாலும் புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று ஒருவர் சொல்வார். கல்யாணம் ஆகாத பெண் என்றால் வெளியே தெரியக் கூடாது என்று மூடி மறைப்பார்கள். யாரையும் கிண்டல் செய்யவில்லை. பயத்தில் செய்கிற காரியங்கள் இவை. ஆனால் மூளை செல் இதற்கெல்லாம் காத்திருக்காது. வாய் கோணுகிறதா, ஒரு கை தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா? வயதைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு 108-க்கு அடியுங்கள். கேரளாப் பக்கம் இருந்தாலும் அதே நம்பர்தான்.

கண்டுபிடித்தால் வழி இருக்கிறது

இது கண்டுபிடித்தும் பிரயோஜனம் இல்லாத நோய் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளால் அழற்சியை அடக்கலாம். அதற்கு அடங்காவிட்டால் டோசிலிசுமாப் போன்ற புதிய ஊசிகள் உண்டு. அழற்சி அடங்கிய பிறகு, தேவைப்பட்டால் சுருங்கின குழாயை பலூன் வைத்து விரிக்கலாம், பைபாஸ் செய்யலாம். நோய் அடியோடு போய்விடும் என்று சொல்ல முடியாது, பல வருஷம் டாக்டர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஆனால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், டாக்டரைக் கேட்டுத் திட்டமிட்டு நல்லபடியாகக் குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். எல்லாமே குழாய் முழுசாக அடைபடுவதற்கு முன்னால் கண்டுபிடிப்பதைப் பொறுத்தது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வலது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, மூன்று விரலை வைத்துத் துடிப்பைப் பாருங்கள். அப்புறம் இடது கையில் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சந்தோஷம். பக்கத்தில் இருக்கும் தங்கச்சிக்கும் பாருங்கள். வீட்டில் வேலைக்குப் போய்வந்து "கை கடுக்குது" என்கிற அம்மாவுக்கும் பாருங்கள். ஒரு கையில் துடிப்பு தேடியும் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம், நாளைக்கே போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த தடவை எங்கே பிபி பார்த்தாலும், பட்டையைக் கழற்றினதும் இன்னொரு கையை நீட்டுங்கள். ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள். எந்தப் பிரச்சினையையும் "ஒரு கை பார்த்துருவோம்" என்பது நம்ம ஊர்ப் பேச்சு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கையும் பார்த்துவிடுவோம்!